வெள்ளி நிக்கும், சாயம் போகும்: ஃபிலிம் சண்டையும் ஜரிகைக் கணக்கும்

"ஃபிலிம்ல எடுத்த படம் நூறு வருஷம் நிக்கும்யா, டிஜிட்டல்ல எடுத்தது பத்து வருஷம் தாங்காது." இந்த டயலாக்கை நீங்களும் எங்கயாவது கேட்டிருப்பீங்க. கல்யாண வீட்டுல கேமராக்காரரைப் பார்த்ததும் யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிச்சு வைப்பார். உடனே எதிர்க்கட்சியிலேர்ந்து ஒரு தம்பி, "ஃபைலுக்கு ஏதுங்க அழிவு? ஜீரோவும் ஒண்ணும் சாயம் போகுமா?"ன்னு எழுந்து நிப்பான்.

நான் பொட்டி தட்டுற ஜாதி. அதனால ரெண்டாவது கட்சியிலதான் சேருவேன்னு எல்லாரும் முடிவே பண்ணிடுறாங்க. மன்னிக்கணும் மக்களே, நான் ரெண்டு கட்சியிலயும் இல்லை. கேள்வியே தப்புங்கறதுதான் என் கட்சி.

படத்தை எதால எடுத்தீங்கன்னு கேக்காதீங்க. படம் இப்ப எதுல நிக்குதுன்னு கேளுங்க. வெள்ளியிலயா, சாயத்துலயா, கரியிலயா? அது எந்தச் சுவத்துல தொங்குது? அதுக்கு இன்னொரு பிரதி யார்கிட்ட இருக்கு? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா, ஃபிலிமா டிஜிட்டலாங்கற பஞ்சாயத்தை அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்.

எங்க ஊர் மாகறல். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற வழியில, சேயாத்தங்கரையில இருக்கு. சம்பந்தர் பாடின தலம், உடும்பு வால் மாதிரி லிங்கம்னு கோயில் பிரசித்தம். சுத்துவட்டாரம் முழுக்க காஞ்சிபுரம் பட்டை நம்பி இருக்கிற வாழ்க்கை. எங்க தாத்தாவும் தறிக்காரர்தான். இந்த ஊர்க்கதை எதுக்குன்னா, ஒரு போட்டோ ஏன் நிக்குது, இன்னொண்ணு ஏன் வெளுக்குதுங்கறதைப் புரிஞ்சிக்க காஞ்சிபுரத்துக்காரனுக்கு கெமிஸ்ட்ரி புஸ்தகமே வேண்டாம். ஜரிகையும் சாயமும் தெரிஞ்சா போதும்.

ஜரிகைப் பாடம்

அசல் ஜரிகைங்கறது என்ன? சிவப்புச் சாயம் ஏத்தின பட்டு நூல் மேல தட்டையாக்கின வெள்ளி இழையைச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். அம்பது வருஷப் புடவையை எடுத்துப் பாருங்க. பட்டு மடிப்புல மடிப்புல விட்டுப்போயிருக்கும். உடம்போட சாயம் மங்கியிருக்கும். ஜரிகை மட்டும், கொஞ்சம் கறுத்தாலும், அங்கயேதான் இருக்கும். அதனாலதான் "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது"ன்னு தெருவுல ஆள் வர்றார். அவருக்குப் புடவை வேண்டாம், அதுல இருக்கிற வெள்ளிதான் வேணும்.

கறுப்பு வெள்ளை போட்டோவும் இதே கதைதான். அந்தப் படத்துல தெரியற கறுப்பெல்லாம் பொடிப்பொடியான வெள்ளி. பேப்பர் மேல ஜெலட்டின், ஜெலட்டினுக்குள்ள வெள்ளித் துகள். வெள்ளி உலோகம், வெளிச்சம் பட்டு வெளுக்குற சாமான் இல்லை. கந்தகமோ வேற ரசாயன வாயுவோ பட்டா கறுக்கும், பழுப்பாகும், ஓரத்துல கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறும். ஆனாலும் மூக்கும் முழியும் நிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல இன்னும் ஒரு படி மேல போனாங்க. பிரிண்டை தங்க உப்புக் கரைசல்ல முக்கி எடுத்து, வெள்ளித் துகளுக்குத் தங்கக் காப்பு போட்டாங்க. வெள்ளி மேல தங்கம், அப்படியே ஜரிகை! லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபர், 1857-58ல மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம்னு மாட்டுவண்டியில சாமானைக் கட்டிக்கிட்டு சுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல நீளமான ஒரே படமாக்கினார். அவரோட படங்களை இன்னிக்கும் அருங்காட்சியகத்துல பார்க்கலாம். 160 வருஷத்துக்கும் மேல ஆச்சு.

கலர் போட்டோன்னா? அதுல வெள்ளியே கிடையாது. கழுவும்போதே வெள்ளியை மொத்தமா வெளியே எடுத்துடுவாங்க. மிஞ்சறது மூணு சாயம்: மஞ்சள், ஒரு மாதிரி ரோஸ் (மெஜந்தா), ஒரு மாதிரி நீலம் (சயான்). கலர் படம்னா சாயம் ஏத்தின பட்டுதான். சாயம்னா என்னிக்காவது போகும். வேகமாப் போகுமா, மெதுவாப் போகுமாங்கறதுதான் வித்தியாசம்.

எங்க வீட்டு ஆல்பம்

தியரி போதும், வீட்டு சாட்சிகளைக் கூப்பிடலாம்.

சாட்சி 1: தாத்தாவும் பாட்டியும் 1962 வாக்குல காஞ்சிபுரத்துல ஸ்டூடியோவுல நின்னு எடுத்த கறுப்பு வெள்ளை. பின்னாடி திரையில ஒரு மாளிகை, பக்கத்துல ஸ்டூல் மேல பூ ஜாடி. ஓரம் பழுப்பேறிப்போச்சு. ஆனா பாட்டி மூக்குத்தியில வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது வரைக்கும் இன்னிக்கும் தெரியுது. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே பாட்டி போய்ட்டாங்க. அவங்களுக்குன்னு இருக்கிறது இந்த ஒரே படம்தான். எனக்கு "பாட்டி"ன்னா இந்தப் படம்.

சாட்சி 2: பெரிய அத்தை கல்யாணம், 1979. கலர் வந்த புதுசு, ஆசைக்கு நாலே நாலு கலர் படம். நாலும் இப்ப செங்கல் நிறத்துல இருக்கு. பீரோவுக்குள்ள, இருட்டுல, பத்திரமா வெச்சிருந்த படங்கள்தான். அந்தக் காலத்துக் கலர் பேப்பர்ல நீலச் சாயம் இருட்டுல வெச்சாலும் தானாவே மங்கும். நீலம் போனா மிஞ்சறது சிவப்பும் மஞ்சளும். உங்க வீட்டு எழுபதுகளின் படமெல்லாம் ஏன் செவந்து கெடக்குன்னு இப்ப புரியுதா? சினிமாவுக்கும் இதே கதிதான். 1980ல மார்ட்டின் ஸ்கார்சிசி கலர் ஃபிலிம் வெளுக்குதுன்னு ஊரைக் கூட்டி சண்டை போட்டது இதுக்குத்தான்.

சாட்சி 3: அப்பா அம்மா கல்யாணம், 1993. இதுதான் எனக்குப் பிடிச்ச சாட்சி. ஏன்னா யாரும் திட்டம் போடாமலே ஒரு பரிசோதனை நடந்திருக்கு. ஒரே நெகட்டிவ்லேர்ந்து ரெண்டு பிரிண்ட். ஒண்ணு ஆல்பத்துக்குள்ள. இன்னொண்ணு பெருசாக்கி, கண்ணாடி போட்டு, வாசல் வெயில் விழற கூடத்துச் சுவத்துல. ஆல்பத்துல அம்மாவோட அரக்குப் புடவை இன்னிக்கும் அரக்கு. சுவத்துல அது பழைய காவி வேட்டி கலர். 1979 படம் இருட்டுலயே செவந்துச்சு. 1993 படம் இருட்டுல அப்படியே இருக்கு. நடுவுல பேப்பர் மாறியிருக்கு. 1984ல கொனிகா கம்பெனி நூறு வருஷம் நிக்கும்னு விளம்பரம் பண்ணி ஒரு பேப்பர் விட்டாங்க. மத்தவங்களும் சாயத்தைத் திருத்தினாங்க. இருட்டுப் பிரச்சனை பெருமளவு தீர்ந்துச்சு, வெளிச்சப் பிரச்சனை தீரலை.

மூணுமே ஃபிலிம்ல எடுத்ததுதான். மூணுக்கும் மூணு விதி. "ஃபிலிம் நிக்கும்"னு பொத்தாம்பொதுவா சொல்றதுல அர்த்தமே இல்லைங்கறது இதுலேயே தெரிஞ்சிடும்.

சாட்சி 4: பெரியப்பா பொண்ணு கல்யாணம், 2010. முழுக்க டிஜிட்டல். ஒரு தடி ஆல்பம், ஒரு டிவிடி. ஆல்பத்துல பக்கம் பக்கமா பளபளன்னு லேமினேஷன், அக்கா தலைக்குப் பின்னாடி சுவிட்சர்லாந்து. :-) டிவிடி இப்ப எந்தப் பொட்டியிலயும் ஓடலை. ஸ்டூடியோவுல கேட்டா (பேர் வேண்டாம்), "தம்பி, அந்த ஹார்ட் டிஸ்க்கை எப்பவோ ஃபார்மேட் பண்ணியாச்சே"ன்னு சிரிச்சாங்க. மாமா கொஞ்சம் படத்தை ஆர்குட்ல ஏத்தியிருந்தார். ஆர்குட்டை 2014 செப்டம்பர்ல மூடினாங்க. நூத்துக்கணக்கான படத்துல இப்ப மிச்சம், அந்த ஆல்பத்துல ஒட்டினது மட்டும்தான்.

பெரியவர் கட்சி ஜெயிச்ச மாதிரி தெரியுதுல்ல? இருங்க, அவசரப்படாதீங்க.

"டிஜிட்டல் பிரிண்ட்"னு ஒண்ணு கிடையாது

பலருக்கும் தெரியாத மேட்டர் இது. 1996லேயே ஃபியூஜி ஃபிராண்டியர்னு ஒரு மெஷின் விட்டாங்க. அது டிஜிட்டல் படத்தை லேசர் வெளிச்சத்தால கலர் பேப்பர் மேல வரையும். அப்புறம் அந்தப் பேப்பர் வழக்கமான கெமிக்கல்ல கழுவி வெளிய வரும். அதாவது ஃபிலிம் ரோல் கொடுத்தா எந்த வகைப் பேப்பர்ல பிரிண்ட் வருமோ, பென்டிரைவ் கொடுத்தாலும் அதே வகைப் பேப்பர். அதே மூணு சாயம். அப்புறம் எப்படிங்க ஒண்ணு நூறு வருஷம் நிக்கும், இன்னொண்ணு பத்து வருஷத்துல போகும்?

ஆனா எல்லா பிரிண்டும் இப்படி இல்லை. இன்னிக்கு கடையில "பிரிண்ட்"னு கையில கொடுக்கறது நாலஞ்சு வேற வேற சாமானா இருக்கலாம். கழுவி எடுத்த கலர் பேப்பர் ஒண்ணு. லேசர் பிரஸ்ல டோனர்ல அடிக்கிற கல்யாண ஆல்பம் ஒண்ணு. ரெண்டு நிமிஷத்துல பாஸ்போர்ட் போட்டோ தர்ற, சூட்டால சாயத்தை ஏத்துற சின்ன மெஷின் ஒண்ணு. இங்க்ஜெட் ஒண்ணு. அந்த இங்க்ஜெட்லயே ரெண்டு ஜாதி: சாய மை, நிறமி மை.

சாய மையோட லட்சணத்துக்கு ஒரு உதாரணம். 2000ல எப்சன் கம்பெனி ஸ்டைலஸ் போட்டோ 870, 1270னு பிரிண்டர் விட்டாங்க. வெளிச்சத்துல வருஷக்கணக்கா நிக்கும்னு சோதனையும் பண்ணியிருந்தாங்க. வாங்கின சிலர் வீட்டுல சில வாரத்துலேயே படம் ஆரஞ்சாயிடுச்சு! வெளிச்சத்தைச் சோதிச்சாங்க, காத்தை மறந்துட்டாங்க. காத்துல இருக்கிற ஓசோன் நீலச் சாயத்தைத் தின்னுடுச்சு. நம்ம டெஸ்டிங் டீம் ஆட்களுக்கு இந்தக் கதை நல்லாப் புரியும்.

நிறமி மை வேற ரகம். சாயம் தண்ணியில சர்க்கரை மாதிரி கரைஞ்சிருக்கும், நிறமி மணல் மாதிரி துகளா இருக்கும். துகளோட மேல்பகுதி வெளிச்சத்துல கெட்டாலும் உள்ள மிச்சம் இருக்கும். கறுப்பு மையில இருக்கிறது அனேகமா கரித்தூள், அது வெளுக்க வழியே இல்லை. இதுக்கும் எங்க ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கு. காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனவங்க சுத்துச் சின்னச் சந்நிதிகள்ல பல்லவர் காலத்து ஓவியத் துணுக்குகளைப் பார்த்திருப்பீங்க. 1931ல ழுவோ துப்ராய் கண்டுபிடிச்சது. அழிஞ்சது நிறைய. ஆனா மிச்சம் இருக்கிற இடத்துல காவி இன்னும் காவியாத் தெரியுது. ஏன்னா அது சாயம் இல்லை, மண்ணும் கல்லும் அரைச்ச நிறமி. 1300 வருஷம்.

ஆக, நல்ல பருத்திப் பேப்பர்ல நிறமி மையில அடிச்ச டிஜிட்டல் படம், 1979ல ஃபிலிம்ல எடுத்த கலர் படத்தை விட பல மடங்கு நிக்கும். தம்பி கட்சிக்கு ஒரு பாயிண்ட்.

நூறு வருஷம்னா யார் வீட்டு நூறு வருஷம்?

அட்டைப் பெட்டி மேல "100 வருஷம்"னு போட்டிருப்பான். நூறு வருஷம் காத்திருந்தா பார்த்தாங்க? கண்ணைக் கூசுற வெளிச்சத்துல சில மாசம் வெச்சு, வெளுத்த அளவைப் பார்த்து கணக்குப் போடுறதுதான். இந்தத் துறையில பெரிய பேர் ஹென்றி வில்ஹெல்ம். 1993ல கலர் படங்களோட ஆயுள் பத்தி ஒரு தடி புஸ்தகம் போட்டவர். அவர் கணக்கு, வீட்டுல படத்து மேல நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் விழுதுன்னு. கோடக் கம்பெனி வெச்சிருந்த கணக்கு 120 லக்ஸ். அதே பேப்பர், அதே சாயம். வெளிச்சத்தை நாலுல ஒரு பங்காக் குறைச்சா ஆயுள் ஏறக்குறைய நாலு மடங்கு! எங்க ஆபீஸ்ல பெஞ்ச்மார்க் காட்டுற லட்சணமும் இதேதான்.

இதுல நம்ம வீடு எங்க வருது? வில்ஹெல்ம் கணக்குல அறை 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதம். மே மாசம் மாகறல்ல 24 டிகிரிக்கு நான் எங்க போறது? ஐப்பசி மழையில ஈரப்பதம் எவ்வளவு? சாமி படத்துக்குப் பக்கத்துல தாத்தா படம், கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி, அந்தப் பக்கம் அடுப்புத் தாளிப்பு. இதையெல்லாம் எந்த லேப்லயும் யாரும் நமக்காகச் சோதிச்சுப் பார்க்கப் போறதில்லை. அதனால பெட்டி மேல போட்ட வருஷத்தை ரெண்டு பேப்பருக்கு நடுவுல ஒப்பிட்டுப் பார்க்க வெச்சுக்கலாம், நம்ம வீட்டுக்கு ஜாதகம் பார்க்க வெச்சுக்கக் கூடாது.

நெகட்டிவும் சாகும், சிடியும் சாகும்

"பிரிண்ட் போனா என்ன, நெகட்டிவ் இருக்கே"ம்பாங்க ஃபிலிம் கட்சிக்காரங்க. இருக்கா? அதைத் தேடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

பழைய நெகட்டிவ் பெரும்பாலும் அசிடேட் ஃபிலிம். சூடும் ஈரமும் சேர்ந்தா அது உள்ளுக்குள்ளேயே புளிச்சு, வினிகர் வாசனை அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் சுருங்கும், நெளியும். அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல இருக்கிற படப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தோட கணக்குப்படி, 21 டிகிரி, 50 சத ஈரப்பதத்துல வெச்சாலே சுமார் 40 வருஷத்துல அந்த வாசனை ஆரம்பிக்கும். நம்ம ஊர்ப் பரணுக்கு அதை விடக் கம்மிதான்னு சொல்லவே வேண்டாம். அப்பா கல்யாண நெகட்டிவை நான் 2022ல பரண்லேர்ந்து இறக்கி ஸ்கேன் பண்ணினேன். வாசனை இல்லை, நல்லவேளை. ஆனா ரெண்டு ஸ்ட்ரிப் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஜெலட்டின்ல பூஞ்சை படர்ந்து, தாலி கட்டுற படத்துல அப்பா முகத்துக்கு மேல மாக்கோலம்.

இன்னொரு ஆபத்து வெள்ளியே. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளிக்கு விலை உண்டு. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை காயலான் கடைக்காரர் ஏன் கேட்டு வாங்கறார்னு நினைச்சீங்க? ஜரிகைக்காகப் புடவை உருகற மாதிரிதான் இதுவும். இத்தனைக்கும் ஊட்டியில நமக்கே நமக்குன்னு ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்துச்சு. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல தொடங்கினது, "இந்து" பிராண்ட். கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டாங்க. கம்பெனியே இப்ப இல்லை.

சரி, டிஜிட்டல் பக்கம்? அந்தத் தம்பி "ஜீரோவும் ஒண்ணும் சாயம் போகுமா"ன்னு கேட்டான் பாருங்க, போகும்பா! நாம எரிக்கிற சிடி, டிவிடியில தகவல் நிக்கிறதே ஒரு சாயப் படலத்துலதான். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டு எழுதுது. அக்கா கல்யாண டிவிடி செத்ததும், அத்தை கல்யாணப் படம் செவந்ததும் வேற வேற வியாதி மாதிரி தெரியும். மூலம் ஒண்ணு, சாயம்.

டிஸ்க் நல்லா இருந்தாலும் படிக்க ஆள் வேணும். எங்க ஊர்லேர்ந்து பக்கம்தான் உத்திரமேரூர். 919, 921ல பராந்தக சோழன் காலத்துல குடவோலை முறையைக் கல்லுல வெட்டி வெச்சாங்க. ஆயிரம் வருஷம் கல்லு நின்னுச்சு. ஆனா பழைய எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச கல்வெட்டு ஆபீஸர்கள் வந்து படிச்ச பிறகுதான் நமக்கு அது விஷயமாச்சு. கோடக் 1992ல போட்டோ சிடின்னு தனி ஃபார்மேட் விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இல்லைல்ல? அதான் மேட்டர்.

அப்ப நிஜமான வித்தியாசம் என்ன?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சம் இருக்கு. கறுப்பு வெள்ளைப் படத்தை மறந்துட்டாலும் அது இருக்கும். தாத்தா படத்தை யாரும் "பாதுகாக்க"லை. டிரங்குப் பெட்டிக்குள்ள, பத்திரப் பேப்பருக்குக் கீழ, அறுபது வருஷம் சும்மா கெடந்துச்சு. ஃபைல் அப்படி இல்லை. ஹார்ட் டிஸ்க்கை அறுபது வருஷம் டிரங்குப் பெட்டியில போட்டு எடுத்தா என்ன கிடைக்கும்னு நினைக்கிறீங்க? ஃபைலை பத்து வருஷத்துக்கு ஒருதடவையாவது யாராவது கையில எடுத்து, புது இடத்துக்கு மாத்தி, உயிரோட இருக்கான்னு பார்க்கணும். வெள்ளி அலட்சியத்தைத் தாங்கும், ஃபைல் தாங்காது. ஆனா ஃபைலுக்கு வெள்ளிக்கு இல்லாத ஒரு வரம் உண்டு: ஆயிரம் பிரதி எடுத்தாலும் ஆயிரமாவதும் அசலே.

அதனால ரெண்டும் எதிரிகள் இல்லை. ஒண்ணோட பலவீனத்துக்கு இன்னொண்ணு மருந்து.

இதுக்கு நம்ம ஊர்லேயே பெரிய உதாரணம் இருக்கு. பாண்டிச்சேரி ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரங்க 1956லேர்ந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராப் போய் படம் எடுத்து வெச்சாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள், எந்தக் கோயில், எந்தச் சிலைங்கற விவரத்தோட. பல வருஷம் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் பார்த்துக்கிட்டிருந்த படங்கள். அப்புறம் சிலைத் திருட்டு வெளிய வந்துச்சு. ஸ்ரீபுரந்தான் நடராஜரை கான்பெரா தேசியக் கலைக்கூடம் 2008ல வாங்கி வெச்சிருந்தாங்க. விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரை சிட்னியில இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ல வாங்கியிருந்தாங்க. "இது எங்க கோயில் சாமி"ன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டோட பழைய படங்கள்தான் சாட்சி சொல்லுச்சு. ஒப்பிட்டுக் காட்டினவங்கள்ல ஒருத்தர் எஸ். விஜயகுமார், சிற்பங்களைப் பத்தி வலைப்பூ எழுதிக்கிட்டிருந்தவர். நம்மாளுங்க! 2014 செப்டம்பர்ல ரெண்டு சாமியும் இந்தியா திரும்புச்சு.

ஃபிலிம் நின்னதால மட்டும் அது நடக்கலை. பேர் எழுதி வெச்சிருந்தாங்க, தேடினா கிடைச்சுது, கண்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் காட்ட முடிஞ்சுது. அதே இன்ஸ்டிட்யூட்ல ஸோயே ஹெட்லி குழு, பிரிட்டிஷ் லைப்ரரியோட அழிவுநிலை ஆவணங்கள் திட்ட உதவியில, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்கள் எடுத்த குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினாங்க. வெள்ளிப் படத்தைக் காப்பாத்த வந்தது ஜீரோவும் ஒண்ணும்தான்.

சாமிக்கு இன்ஸ்டிட்யூட் இருக்கு. எங்க பாட்டிக்கு? நான்தான் இருக்கேன். உங்க பாட்டிக்கு நீங்கதான்.

என்ன பண்ணலாம்?

நான் கடைப்பிடிக்கிறதைச் சொல்றேன், பிடிச்சதை எடுத்துக்குங்க.

ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு அம்பது படம் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போடுங்க. ஃபோன்ல இருக்கிற பத்தாயிரத்தையும் காப்பாத்தணும்னு நினைச்சா ஒண்ணும் நடக்காது. ஃபிலிம் காலத்துல ரோலுக்கு 36தான், அந்தக் கஞ்சத்தனமே ஒரு பாதுகாப்பு. கடையில கேளுங்க: "கழுவுற பேப்பரா, மெஷின் பிரிண்டா?" கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க.

ரெண்டு, வீட்டுல ரொம்ப முக்கியமான நாலஞ்சு முகம் இருக்கும்ல, அதை மட்டும் நிறமி மையில, பருத்திப் பேப்பர்ல, கறுப்பு வெள்ளையா ஒரு பிரதி. கொஞ்சம் செலவுதான். ஒரு சாதா பட்டுப் புடவை விலையில பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

மூணு, சுவத்துல மாட்டுறது எப்பவும் நகல். அசல் ஆல்பத்துல, பீரோவுல. வெளிச்சுவர் ஓரமும் சமையல்கட்டு ஓரமும் பூஜை அறையும் வேண்டாம். கண்ணாடி நேராப் படத்து மேல ஒட்டுற மாதிரி சட்டம் போடாதீங்க, மழைக்காலத்துல ஒட்டிக்கிட்டா பிரிக்க முடியாது. பசை தடவின பக்கத்து மேல பிளாஸ்டிக் மூடுற ஆல்பம் அதை விட மோசம்.

நாலு, ஃபைலுக்கு 3-2-1. மூணு பிரதி, ரெண்டு விதமான இடத்துல, ஒண்ணு ஊர் விட்டு ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையிலும் எங்க மாவட்டத்துலயும் ஆல்பமும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே முழுகின வீடு எத்தனை! (நனைஞ்ச பிரிண்டை ஒட்டிக் காய விடாதீங்க. ஈரமா இருக்கும்போதே பிரிச்சு, நல்ல தண்ணியில அலசி, நிழல்ல முகம் மேல பார்க்கப் பரப்பிக் காய வெச்சா பெரும்பாலும் பிழைக்கும்.)

அஞ்சு, பேர் எழுதுங்க. பின்னாடி பென்சில்ல, அழுத்தாம: யாரு, எந்த ஊரு, எந்த வருஷம். தாத்தா டிரங்குப் பெட்டியில அந்த ஸ்டூடியோ படத்தோட இன்னும் ரெண்டு படம் இருந்துச்சு. வெள்ளி நல்லா நிக்குது, முகம் தெளிவாத் தெரியுது. யாருன்னு சொல்ல வீட்டுல ஒருத்தரும் மிச்சம் இல்லை. அந்தப் படம் நிலைச்சு என்ன, நிலைக்காம என்ன?

கடைசியா ஒண்ணு. போகி வருது, பரண் ஒழிப்பாங்க. "பழைய ஃபிலிம் கவர், எதுக்கு இந்தக் குப்பை"ன்னு யாராவது நெருப்புல போட எடுத்தா, கையைப் பிடிச்சு வாங்கி வெச்சுக்குங்க. மூக்குக்கிட்ட கொண்டு போய் வினிகர் வாசனை அடிக்குதான்னு பாருங்க. அடிச்சா, உடனே ஸ்கேன் பண்ண ஆள் தேடுங்க. உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடைச்சுது, எது செவந்துச்சு, எது நின்னுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. செங்கல் கலர் அத்தைகள் இன்னும் எத்தனை வீட்டுல இருக்காங்கன்னு பார்க்கணும். :-)